பொரிக்கப் புதுசு, அவிக்கப் பழசு

காரைக்குடியில் வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைக் கோயில் காரியத்துக்கும் கல்யாணத்துக்கும் திறப்பார்கள். சென்னை, கோவை, மலேசியா என்று எங்கெங்கோ இருந்து சொந்தங்கள் வந்து சேரும். காரியம் நடக்கும் நாளில் சைவம். அது முடிந்த மறுநாள் எல்லோரும் கேட்பது கோழி வறுவலும் முட்டைக் குழம்பும்தான். கோழியைப் பற்றி எனக்கு ஒருநாளும் கவலை இருந்ததில்லை. முட்டைதான் வெகுகாலம் வயிற்றைக் கலக்கியது. குழம்பு வைப்பதில் பயமில்லை, அதற்கு முந்தின வேலையில்தான் பயம். 40 முட்டையை அவித்து, உரித்து, ஒன்றுகூடப் பிய்யாமல் தட்டில் வைக்க வேண்டுமே.

சொந்த வீட்டில் என்றால் பிய்ந்த முட்டையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குழம்பில் முங்கிவிடும். காசு வாங்கிக்கொண்டு சமைக்கிறவள் அப்படி இருக்க முடியாது. இலையில் வைக்கிற முட்டை வழவழவென்று முழுசாக இருக்க வேண்டும். கரையான் அரித்த மாதிரி வைத்தால் குழம்பு எவ்வளவு ருசியாக இருந்தாலும் முகம் சுளிப்பார்கள்.

சின்ன வயதிலிருந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: கைப்பக்குவம் வேண்டும். முட்டை பிய்ந்தால் உரித்தவளுக்குப் பொறுமை இல்லை. அம்மா அப்படித்தான் சொன்னார், அம்மாவுக்கு என் அம்மாச்சியும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். வாக்கப்பட்டு வந்த இடத்திலும் அதே பேச்சு. உரித்துக்கொண்டே எத்தனை பெண்கள் தங்கள் கையையே நொந்துகொண்டிருப்பார்கள் என்று இப்போது நினைத்தால் மனசு கனக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். தப்பு கையில் இல்லை.

4 வருடத்துக்கு முன்னால், சித்திரை மாதம், கானாடுகாத்தானில் ஒரு வீட்டுச் சமையல். பண்ணை முட்டை வேண்டாம், நாட்டுக்கோழி முட்டைதான் வேண்டும் என்று வீட்டு ஆச்சி சொல்லிவிட்டார். நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்று நான் பக்கத்துக் கிராமங்களில் கோழி வளர்க்கிறவர்களிடம் சொல்லிவைத்து, முந்தின நாளும் அன்று காலையும் இட்ட முட்டைகளாகப் பொறுக்கி வாங்கி வந்தேன். சிலவற்றில் கோழியின் சூடுகூட ஆறவில்லை. இதைவிட நல்ல முட்டை எங்கே கிடைக்கும் என்று பெருமையாகவே இருந்தது.

தேக்சாவில் 40 முட்டையையும் போட்டு, மூழ்கும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, ஒரு கை உப்பை அள்ளிப்போட்டு அடுப்பை மூட்டினேன். கொதி வந்த பிறகு கால் மணி நேரம். வடித்துவிட்டு, கொல்லைக் குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்றி, உரிக்க உட்கார்ந்தேன். ஓட்டோடு சேர்ந்து வெள்ளைக்கருவும் பெயர்ந்து வருகிறது. முதல் முட்டை, இரண்டாவது, பத்தாவது, எல்லாம் அப்படியே. கூடவந்த பெண் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். 40-ல் முழுசாகத் தேறியது 9.

ஆச்சிக்கு 80 வயதுக்கு மேல் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்கு வந்தவர், தட்டைப் பார்த்தார்.

"முட்டை எப்ப வாங்குனது?"

"இன்னைக்கிக் காலையிலதான் ஆச்சி. புது முட்டை."

"அதுனாலதான் இப்படி வருது. எங்க ஆயா வீட்டுல புது முட்டைய அவிக்கவே விடமாட்டாக. பொரிக்கப் புதுசு, அவிக்கப் பழசும்பாக. ஒரு வாரம் வச்சுல்ல அவிக்கணும்."

அவர் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பிய்ந்த முட்டைகளை நெட்டுவாக்கில் பாதியாக அறுத்து, மஞ்சள்கரு தெரியும் பக்கத்தை மேலே வைத்து, கெட்டியான மசாலாவில் அடுக்கிப் பரிமாறினோம். அறுத்த முகம் சுத்தமாக இருந்தால் அடியில் இருக்கும் குழி கண்ணுக்குத் தெரியாது. ரொம்பச் சிதைந்தவற்றை உதிர்த்து, சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை போட்டுப் பொடிமாஸ் ஆக்கினேன். அன்றைக்குப் பொழுது தப்பியது. ஆனால் ஆச்சி சொன்ன அந்த ஒரு வரி என்னை விடவில்லை.

வீட்டுக்கு வந்து சோதித்துப் பார்த்தேன். ஒரே ஆளிடம் வாங்கிய முட்டையில் அன்றைக்கு இட்டது 4, ஐந்து நாள் ஆனது 4, பத்து நாள் ஆனது 4. பென்சிலால் ஓட்டில் நாளை எழுதி, ஒரே சட்டியில் ஒரே நேரம் அவித்தேன். அன்றைக்கு இட்ட நாலும் பிய்ந்தன. ஐந்து நாளில் ஒன்று மட்டும் லேசாக. பத்து நாள் ஆனது வாழைப்பழத் தோல் மாதிரி வந்தது. உரித்தது நான் ஒருத்திதான், அதே இரண்டு கைதான்.

காரணத்தை என் மகள் சொன்னாள். அவள் வேதியியல் படிக்கிறாள். முட்டை ஓடு பார்க்கத்தான் இறுக்கம், அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. இட்ட புதிதில் வெள்ளைக்கருவில் கரியமில வாயு கரைந்திருக்கும். நாளாக ஆக அது அந்தத் துளைகள் வழியே வெளியேறிவிடும். அந்த வாயு போகப் போக வெள்ளைக்கருவின் பி.எச். அளவு, அதாவது காரத்தன்மையைக் காட்டும் எண், ஏறும். இட்ட அன்று 7.6-ஐ ஒட்டி இருப்பது, சில நாளில் 9-ஐத் தாண்டிவிடும். அளவு குறைவாக இருக்கும்போது அவித்தால் வெள்ளைக்கரு ஓட்டின் உட்புறச் சவ்வை இறுகப் பிடித்துக்கொள்ளும். அளவு ஏறிய பிறகு அந்தப் பிடி தளர்ந்துவிடும். மகள் ஒருநாள் பி.எச். தாள் கொண்டுவந்து புது முட்டை வெள்ளையிலும் பழைய முட்டை வெள்ளையிலும் தொட்டுக் காட்டினாள். இரண்டு தாளும் ஒரே நிறத்தில் இல்லை. ஆச்சியின் ஆயா எந்தத் தாளும் இல்லாமல் கண்டுபிடித்து வைத்திருந்தது இதைத்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் சுவரைத் தொட்டால் கண்ணாடி மாதிரி வழவழப்பாக, குளுமையாக இருக்கும். சுண்ணாம்புச் சாந்தோடு முட்டையின் வெள்ளைக்கருவையும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர்கள் அவை. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து இழுத்துத்தான் வருடக்கணக்கில் கல்லாக இறுகுகிறது. முட்டையோ அதே வாயுவை வெளியே விட்டால்தான் ஓட்டைவிட்டு இளகிக் கொடுக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வீட்டு அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் சுவரை ஒருதரம் தடவிப் பார்க்கிறேன்.

சரி, எத்தனை நாள் வைக்கலாம்? எங்கள் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் மூன்று நாலு நாளே போதும். பிரிட்ஜில் வைத்தால் அந்த மாற்றம் மெதுவாக நடக்கும், 7 முதல் 10 நாள் விடுகிறேன். கோடையில் நான் பிரிட்ஜில்தான் வைப்பேன், வெளியே வைத்துக் கெட்டுப்போன முட்டை ஒன்று போதும், மொத்தச் சமையலையும் நாறடித்துவிடும். அகலமான பக்கம் மேலே இருக்கும்படி அடுக்க வேண்டும். நாட்டுக்கோழி முட்டையில் எச்சமும் மண்ணும் ஒட்டியிருக்கும், உடனே கழுவத் தோன்றும். கழுவாதீர்கள். ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு உண்டு, கழுவினால் அது போய்விடும், அழுக்கும் கிருமியும் துளை வழியே உள்ளே போக வழி கிடைத்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். அவிக்கப்போகும்போது கழுவினால் போதும்.

கடையில் வாங்கியது எத்தனை நாள் ஆனது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்துக் கிடந்தால் புதுசு. ஒரு பக்கம் தூக்கிச் சாய்ந்து நின்றால் அவிக்கத் தோதானது. அடியைத் தொட்டுக்கொண்டு செங்குத்தாக நின்றால் நாள் கூடிவிட்டது, உடைத்து மோந்து பார்த்துப் பயன்படுத்தலாம். மிதந்தால் நான் தூக்கிப் போட்டுவிடுவேன். உள்ளிருக்கும் ஈரம் வற்ற வற்ற அகலமான பக்கத்தில் காற்றுப்பை பெரிதாவதால்தான் இப்படி எழும்புகிறது. அந்தக் காற்றுப்பைதான் உரிக்கும்போது நமக்கு வாசல்.

எங்கள் தெருவில் சத்துணவுக்கூடத்தில் சமைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். தினமும் நூற்றுக்கு மேல் முட்டை உரிக்கிற கை. "உங்களுக்கு மட்டும் எப்படிக்கா பிய்யாம வருது?" என்று பலதடவை கேட்டிருக்கிறேன். அவரும் பழக்கம்தான் என்று சிரிப்பார். பள்ளிக்கூடத்துக்கு முட்டை மொத்தமாக வந்து இறங்கி, சில நாள் வைத்திருந்துதான் அவிக்கிறார்கள். அவருக்கு வருவதே பக்குவமான முட்டை என்பது எங்கள் இருவருக்குமே அப்போது தெரியாது.

அவசரத்துக்குப் புது முட்டைதான் இருக்கிறது என்றால் என்ன செய்வது? அதற்கு நான் கண்ட வழி சூடு. பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினால் முட்டை மெல்ல மெல்லச் சூடாகும், வெள்ளைக்கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. கொதிக்கிற தண்ணீரில் நேராக விட்டால் வெளிப்பக்கத்து வெள்ளைக்கரு சட்டென்று இறுகி, சவ்வைவிட்டு உள்வாங்கிக்கொள்கிறது. அதனால் முதலில் தண்ணீர் கொதிக்க வேண்டும், பிறகுதான் முட்டை. பிரிட்ஜிலிருந்து எடுத்ததைக் கால் மணி நேரமாவது வெளியே வைத்து, ஜல்லிக்கரண்டியில் ஏந்தி ஒவ்வொன்றாக இறக்குங்கள். மேலிருந்து போட்டால் விரிசல் விடும். இறக்கியதும் தீயைக் குறைத்துவிடலாம். வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறுகத் தொடங்குகிறது, மஞ்சள்கருவுக்கு 70 போதும். தளபுளவென்று கொதிக்க விடுவதால் முட்டைகள் ஒன்றோடொன்று மோதி உடைவதைத் தவிர ஒரு லாபமும் இல்லை.

40 முட்டையை ஒன்றாகப் போட்டால் கொதிக்கிற தண்ணீரும் அடங்கிப்போய்விடும், பச்சைத் தண்ணீரில் போட்ட கதைதான். பத்துப் பத்தாகப் போட வேண்டும். இந்தத் தொல்லை இல்லாமல் நான் இப்போது செய்வது இட்லிச் சட்டியில். அடியில் தண்ணீர் கொதித்து ஆவி நன்றாக வந்த பிறகு, துணி போடாமல் இட்லித் தட்டின் குழிக்கு ஒரு முட்டையாக வைத்து மூடிவிடுகிறேன். முட்டைக்கென்றே செய்த மாதிரி அந்தக் குழி. ஆடாது, மோதாது, உடையாது. ஆவி எல்லாப் பக்கமும் ஒரேயடியாகச் சுடுவதால் உரிப்பதும் எளிது. கொஞ்சம் தண்ணீர் போதும் என்பதால் கேஸும் மிச்சம். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி நம் அடுப்படியில் இல்லை. குக்கரில் ஒரு விசில் விட்டு அவிக்கிறவர்களும் உண்டு, உரிவது நன்றாகவே உரியும். ஆனால் உள்ளே எந்த அளவில் வெந்திருக்கிறது என்று கைக்குள் வராது, அதனால் நான் விட்டுவிட்டேன்.

நேரம் முட்டையின் அளவைப் பொறுத்தது. 50, 55 கிராம் பண்ணை முட்டைக்குக் கொதிநீரில் 11 நிமிடம், ஆவியில் 12. நாட்டுக்கோழி முட்டை சின்னது, இரண்டு நிமிடம் குறைத்துக்கொள்வேன். குழம்பில் போடப்போவது என்றால் இன்னும் ஒரு நிமிடம் குறைக்கலாம், குழம்பிலும் கொஞ்சம் வேகும். அதிகம் வெந்தால் மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சையும் சாம்பலும் கலந்த வளையம் வரும். மஞ்சள்கருவிலிருக்கும் இரும்புச்சத்தும், வெள்ளைக்கருவிலிருந்து வரும் கந்தக வாயுவும் சேர்வதால் வருவது அது. சாப்பிடத் தீங்கில்லை, ஆனால் வாடை அடிக்கும், மஞ்சள்கரு மாவாக உதிரும். கொடைக்கானலில் இருக்கும் என் தங்கை "11 நிமிசம் வச்சும் உள்ள கொழகொழன்னு இருக்குக்கா" என்று போனில் புலம்பினாள். 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கே இரண்டு நிமிடம் கூட்டி வைக்கத்தான் வேண்டும்.

வெந்ததும் குளிரவைப்பதில்தான் அன்றைக்கு நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். சித்திரை மத்தியானத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கையைச் சுடும். அதை ஊற்றிக் குளிரவைத்ததாக நினைத்திருக்கிறேன். சூடு ஆறாததால் முட்டை உள்ளே தொடர்ந்து வெந்துகொண்டே இருந்தது. இப்போது முட்டையை அடுப்பில் ஏற்றும் முன்பே அகலமான பாத்திரத்தில் ஐஸ் கட்டிகளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுகிறேன். ஐஸ் இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீர் அல்லது கிணற்றுத் தண்ணீர், இரண்டு தடவை மாற்றி. சட்டென்று குளிர்ந்தால் வேகுவது நின்றுவிடும், உள்ளே இருப்பது சுருங்கி ஓட்டைவிட்டு விலகும். 5 நிமிடம் கிடந்தால் போதும். நடுவில் லேசான வெதுவெதுப்பு இருக்கும்போது உரிக்கத் தோதாக இருக்கிறது.

உரிக்கும்போது அகலமான பக்கத்தில் முதல் தட்டு. காற்றுப்பை அங்கேதான், அங்கே மட்டும் வெள்ளைக்கரு ஓட்டை ஒட்டியிருக்காது. பிறகு தட்டில் வைத்து உள்ளங்கையால் லேசாக உருட்டினால் ஓடு முழுக்க நொறுங்கும். அழுத்தாதீர்கள், கோலிக்குண்டை உருட்டுகிற அழுத்தம் போதும். இனி கவனம் ஓட்டில் வேண்டாம், சவ்வில் வேண்டும். கட்டைவிரலின் சதைப்பகுதி அந்தச் சவ்வுக்கு அடியில் போய்விட்டால் ஓடு தானாக வரும். சவ்வுக்கு மேலே மட்டும் ஓட்டைக் கிள்ளிக்கொண்டிருந்தால் ஒரு முட்டைக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஒரு பேசின் தண்ணீருக்குள் முட்டையை முக்கி வைத்துக்கொண்டே உரித்தால் தண்ணீர் சவ்வுக்கு அடியில் புகுந்து பிரித்துக் கொடுக்கும், ஒட்டியிருக்கும் பொடித் துகளும் கழன்றுவிடும். குழாயைத் திறந்துவிட்டு உரித்தாலும் இதே பலன்தான், ஆனால் தண்ணீர்க் கஷ்டம் பார்த்த ஊர்க்காரிக்கு அது மனசு கேட்காது.

டப்பாவில் போட்டுக் குலுக்கி உரிப்பதை எல்லோரும் போனில் காட்டுகிறார்கள். வீட்டுக்கு நாலு முட்டை என்றால் செய்யுங்கள். முட்டை கொஞ்சம் புதுசாக இருந்தாலும் அதில் சிதைந்துவிடும், நான் ஆர்டருக்குச் செய்வதில்லை. உப்பு போட்டால் ஓடு கழலும் என்பது எனக்குப் பலித்ததே இல்லை. அவியும்போது விரிசல் விட்டால் கசியும் வெள்ளைக்கரு உடனே இறுகி அடைத்துக்கொள்ள உப்போ வினிகரோ உதவும், அவ்வளவுதான். சமையல் சோடாவையும் பார்த்துவிட்டேன். நாள் ஆன முட்டைக்கு அது தேவையில்லை, புது முட்டைக்கு என் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றும் இல்லை.

உரித்த முட்டையை எங்கள் பக்கம் அப்படியே குழம்பில் போடமாட்டோம். கத்தியால் நெட்டுவாக்கில் மூன்று நாலு கீறல் போட்டு, ஈரத்தைத் துடைத்து, மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் போட்ட எண்ணெயில் ஒரு புரட்டு. கீறல் குழம்பு உள்ளே இறங்குவதற்கு மட்டுமல்ல. முழு முட்டையை எண்ணெயில் போட்டால் உள்ளே ஆவி அடைபட்டு வெடித்துத் தெறிக்கும். கூட வேலை செய்த ஒரு பெண்ணுக்கு முழங்கை வரை எண்ணெய் தெறித்ததை நேரில் பார்த்தவள் நான், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், கீறாமல் போடாதீர்கள். அவித்த முழு முட்டையை மைக்ரோவேவில் சூடு பண்ணவும் வேண்டாம். அதுவும் வெடிக்கும், சில நேரம் வாயில் கடிக்கும்போதே வெடிக்கும்.

முந்தின நாளே அவித்து வைக்க வேண்டியிருந்தால் ஓட்டோடு பிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம் வரை இருக்கும் என்றாலும் நான் இரண்டு நாளுக்கு மேல் விடுவதில்லை. உரித்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். வெளியே, அதுவும் நம் ஊர் வெக்கையில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்த அவித்த முட்டையைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

போன மாசி மாதம் அதே கானாடுகாத்தான் வீட்டில் மறுபடி சமையல். இந்தத் தடவை 60 முட்டை, எட்டு நாள் முன்பே வாங்கித் தேதி எழுதி வைத்தது. நானும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டோம். இரண்டுதான் பிய்ந்தன. ஆச்சி நாற்காலியைப் போடச் சொல்லி அடுப்படி வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேத்தியைக் கூப்பிட்டார்.

"இங்க வா, இந்த ஆயிட்ட உக்காந்து முட்டை உரிக்கக் கத்துக்க. முதல்ல எத்தனை நாளு முட்டைன்னு கேட்டுக்க."